50 கிராம் ரவை

எங்கள் கல்லூரி ஊட்டச்சத்துத் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு ஒரு செய்முறைப் பாடம் வைத்திருக்கிறோம். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நூறு பேருக்குக் காலை உணவு திட்டமிட வேண்டும். விலை, சத்து, சமைக்கும் நேரம் மூன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். முதல் வாரம் வரும் பட்டியல்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஓட்ஸ் உப்புமா, கினோவா புலாவ், பாதாம் பால், ப்ரோக்கோலி சூப். எல்லாம் கைபேசியில் பார்த்தவை. நான் எதையும் அடிப்பதில்லை. பட்டியலின் ஓரத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்வேன்: ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கலோரி? உழவர் சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் அவர்களே போய் விலை கேட்டு வர வேண்டும். அடுத்த வாரம் பாதாம் தானாகக் கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பாசிப்பருப்பும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பாடம் முன்பு வெறும் காகிதப் பயிற்சிதான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளோடு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அது மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதன்பின் எங்கள் பயிற்சிக்கும் ஒரு சட்டகம் கிடைத்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வாரம் சுற்றும். இதற்குள் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும் பாருங்கள் என்பதுதான் இப்போது நான் கொடுக்கும் கேள்வி. எல்லை இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் சத்தாகச் சமைக்கலாம்.

கணக்கு நோட்டைத் திறந்ததும் எல்லாருடைய வாயிலும் வரும் முதல் சொல் புரதம். சோயா உருண்டை சேர்க்கலாமா மேம், புரோட்டீன் பவுடர் கலக்கலாமா மேம்? முதலில் இருப்பதைக் கூட்டுங்கள் என்பேன். ரவை 50 கிராமில் சுமார் 167 கலோரி, புரதம் ஐந்தரை கிராமுக்கு மேல். துவரம்பருப்பு 15 கிராமில் 50 கலோரி, புரதம் மூன்றேகால் கிராம். எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்றால் 45 கலோரி. காய் 50 கிராம் போட்டாலும் இருபது கலோரிக்குள் அடங்கிவிடும், புரதம் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஆக மொத்தம் 280 கலோரி, புரதம் 10 கிராமை ஒட்டி.

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரியும் 23 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. நாளின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காலையிலேயே வந்துவிடுகிறது. கலோரியோ ஆறில் ஒரு பங்குதான். குறைவது வயிற்றுக்கு வேண்டிய தெம்பு. உடம்புக்கு எரிபொருள் பற்றாவிட்டால் அது உள்ளே போன புரதத்தையே எடுத்து எரித்துக்கொள்ளும். அதனால் புரதப் பொடிக்குச் செலவிடும் காசு பாதி வீண். இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு சின்னக் கைப்பிடி வறுத்த வேர்க்கடலை சேர்த்தால் நூறு கலோரிக்கு மேல் ஏறும்.

இதை ஏற்க வைப்பதுதான் பெரும்பாடு. எண்ணெயைக் கூட்டு என்றால் மாணவிகள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் எடை குறைக்க இரவு உணவைத் தவிர்ப்பவர்கள். தன் தட்டுக்கு வைத்திருக்கும் விதியையே, ராத்திரி அரைவயிறாய்ப் படுத்து எழுந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் வைக்கிறார்கள்.

நாங்கள் புரட்டும் உணவு அட்டவணைகளின் வேர் குன்னூரில் இருக்கிறது என்று சொன்னால் மாணவிகளுக்கு ஆச்சரியம். 1918-ல் மருத்துவர் மெக்கரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சின்ன ஆய்வகம்தான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் மலிவான, போதுமான உணவைத் திட்டமிடும் முறையையும் சேர்த்து பின்னர் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937-லேயே ஒரு சிறு நூலாகக் குன்னூரிலிருந்து கொண்டுவந்தார். இப்போது நாங்கள் பயன்படுத்துவது அந்த நிறுவனத்தின் 2017 அட்டவணை. அதில் உள்ள எண்கள் பச்சைப் பொருளின், அதுவும் உண்ணத் தகுந்த பகுதியின் 100 கிராமுக்கு உரியவை. மாணவிகள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. வெந்த பொங்கலை எடை போட்டு அரிசியின் எண்ணால் பெருக்கி, ஒரு கரண்டிப் பொங்கலில் ஒரு நாள் சத்தையே அடைத்துவிடுவார்கள். முருங்கைக்கீரையைக் காம்போடு நிறுத்து அப்படியே கணக்கெழுதுவார்கள். கட்டில் பெரும்பகுதி குப்பைக்குப் போவது, உட்கார்ந்து உருவிய பிறகுதான் தெரியும்.

சிறுதானியத்திலும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சாமை, வரகு, குதிரைவாலி எதை எழுதினாலும் பக்கத்தில் ‘கால்சியம் நிறைந்தது’ என்று போட்டுவிடுகிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருப்பது உண்மை. சாமையிலும் வரகிலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அவற்றுக்கு வேறு சிறப்புகள் உண்டு, அவற்றைச் சொல்லட்டும்.

நோட்டில் சரியாக வந்த உணவு அண்டாவிலும் சரியாக வர வேண்டும். அங்கே என் பாடம் முடிந்து சமையலக்காவின் பாடம் ஆரம்பிக்கும். கிராமங்களில் இந்தச் சமையலைச் செய்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் பெரும்பாலும் அதே பள்ளியில்தான் படிக்கும். சோதனைச் சமையலுக்கு நாங்கள் போகும் பள்ளியின் அக்கா, மாணவி நீட்டிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏங் கண்ணு, நாலு பேருக்கு நாலு பச்சமொளகான்னா நூறு பேருக்கு நூறா? புள்ளைங்க தின்னுமா இத?”

கரண்டிக் கணக்கை இருபத்தைந்தால் பெருக்கிவிட்டால் நூறு பேர் சமையல் ஆகிவிடாது. ரவையும் பருப்பும் பெருகும். மிளகாய், கடுகு, பெருங்காயம் அப்படியே பெருகினால் வாயில் வைக்க முடியாது. உப்பை முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். தண்ணீர் இன்னும் நுணுக்கம். வீட்டு வாணலியில் அகலம் அதிகம், ஆழம் குறைவு. அண்டாவில் அது தலைகீழ், அதனால் ஆவியாகும் பங்கு குறைவு. அப்படியென்றால் தண்ணீரைக் குறைக்கலாமே என்று தோன்றும். குறைத்தால் கெட்டது. ரவை அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஏழரைக்கு இறக்கி எட்டேகாலுக்குப் பரிமாறும்போது இறுகிப்போகும். “கரண்டிய சாச்சா வழுக்கி விழோணும், அப்பவே எறக்கிப்போடு” என்றார் அக்கா. மாணவி அதை ரெக்கார்டு நோட்டில் எழுத முடியாமல் தவித்தாள். எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்டால் அக்காவுக்கு என்ன தெரியும்? பிறகு அந்தப் பதம் வந்த நேரத்தில் ஊற்றியிருந்த தண்ணீரை அளந்தோம். ரவை ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்றரைப் பங்கு. பொலபொலவென்று உதிர வேண்டும் என்று புத்தகங்கள் சொல்வதற்கு நேரெதிர். சேமியாவுக்கு இந்தத் தாட்சண்யம்கூடக் கிடையாது. ஆறினால் துண்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். சேமியாவை எண்ணெயில் சிவக்க வறுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

இட்லி ஏன் இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். முதல் நாள் மாவரைக்க ஆள், இரவு புளிக்க இடம், காலையில் ஈடு ஈடாக வேகவைக்க நேரம், மழைநாளில் புளிக்காத மாவு. ஆறு மணிக்கு அடுப்பு மூட்டும் இரண்டு பேரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. ஒரே பாத்திரத்தில் முடியும் உணவாகத் திட்டத்தில் வைத்திருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

சுவைச் சோதனைக்குக் கல்லூரியில் ஒன்பது புள்ளி அட்டை இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் காட்டிப் பயனில்லை என்று சிரித்த முகம், சோகமான முகம் வரைந்து கொடுத்தோம். எல்லாரும் சிரித்த முகத்திலேயே விரலை வைத்தார்கள். புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்கும் அக்காக்களிடம் நன்றாக இல்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அதனால் இப்போது மிச்சத்தை மட்டும் எடை போடுகிறோம். தட்டைக் கழுவும் இடத்தில் ஒரு வாளி, ஒரு தராசு. அந்த வாளி பொய் சொல்வதில்லை.

வாளியைக் கிளறினால் நிறையத் தெரியும். பொங்கலில் முழு மிளகு போட்ட நாளில் ஒரு சிறுவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசை கட்டினான். பக்கத்துப் பிள்ளைக்கும் அது விளையாட்டாகிப் பொங்கல் ஆறிப்போனது. மறுமுறை மிளகைப் பொடித்துப் போட்டார்கள். பீன்ஸ் துண்டு வாளிக்கு வந்தது, துருவிய காரட் வரவில்லை. ஒரு குழு முருங்கைக்கீரையை அரைத்துக் கிச்சடியில் கலந்தது. காகிதத்தில் கால்சியமும் இரும்பும் அருமையாக ஏறின. பச்சை நிறக் கிச்சடியைப் பார்த்த பிள்ளைகள் பாதிக்கு மேல் கொட்டிவிட்டார்கள். அதே கீரையைப் பருப்போடு வேகவிட்டு மசித்து, மஞ்சள் தூக்கலாகச் சாம்பாரில் விட்டபோது எவரும் கண்டுகொள்ளவில்லை. நூறு பேர் சாம்பாரில் அரைக் கிலோ உருவிய கீரைக்கு மேல் போட்டால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து கிராம்தான். பருப்பை இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்தால் அந்தக் கொஞ்சத்திலுள்ள இரும்பையாவது உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும்.

மாணவிகளின் மதிப்பெண்ணை இப்போது இந்த வாளியை வைத்துத்தான் போடுகிறேன். நோட்டில் உள்ள சத்திலிருந்து வாளிக்கு வந்த சத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் மதிப்பு. முதலில் ஒரே முணுமுணுப்பு. துறையிலும் ஒருவர், அந்தந்த நாள் பசியைப் பொறுத்து மிச்சம் மாறுமே என்றார். மாறும்தான். அதனால்தான் ஒரே உணவைத் திங்கட்கிழமை ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை வைத்துப் பார்க்கிறோம்.

இந்த ஆண்டு முன்னால் நிற்பது, உப்புமாவில் வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை போடும் திட்டம். வாளி கிட்டத்தட்டக் காலி. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பட்ட வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. அந்த இரண்டு மாதம் பொட்டுக்கடலைக்கு மாறலாம் என்கிறார்கள் மாணவிகள். பொட்டுக்கடலையில் கொழுப்பு குறைவு, கலோரி இறங்கும், எண்ணெயை ஏற்ற வேண்டும். பல்லில் கடிபடும் பொட்டுக்கடலை உப்புமாவில் வேண்டாம், பொடித்துச் சாம்பாரில் கரைத்துவிடலாம் என்பது அக்காவின் யோசனை. முன்னதாகவே கரைத்தால் அடி பிடிக்கிறது, கடைசியில் கரைத்தால் பச்சை வாடை வருகிறது. எப்போது விடுவது என்பதில் இதைச் செய்து பார்க்கும் இரண்டு மாணவிக் குழுக்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வரும் வியாழக்கிழமை இரண்டு அடுப்பிலும் வைத்துப் பார்க்கப் போகிறோம்.