சட்டி குடித்த தண்ணீர்

வெள்ளாற்றுக்கு வடக்கே, புவனகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அந்த நாளில் சிதம்பரத்துக்குத் தயிர் தலையில்தான் வந்தது. சும்மாட்டுத் துணி, அதன் மேல் மண்பானை, பானை வாயில் வாழையிலை. வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வீதிகளுக்குள் வந்துவிடுவார்கள். தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் பானையை இறக்க இன்னொரு கை வேண்டும். ஆயாவே எழுந்து போய்ப் பிடிப்பார். தயிர்க்காரம்மா கொட்டாங்கச்சி அகப்பையால் ஓரமாக வெட்டி எடுத்து உழக்கில் போடுவார். வெட்டிய இடத்தில் பள்ளம் அப்படியே நிற்கும், சுற்றியிருக்கும் தயிர் சரிந்து வந்து மூடாது. அளந்ததற்கு மேல் ஓர் அகப்பை கொசுறு. கணக்கு திண்ணைச் சுவரில் கரிக்கோடாக ஏறும். மாதம் முடிந்து காசு கைமாறியதும் ஆயா ஈரத்துணியால் கோடுகளைத் துடைப்பார். அடியில் பழைய மாதங்களின் கருமை தெரிந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தயிர் அவ்வளவு கெட்டியாக இருந்ததற்கு எருமை ஒரு காரணம். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு இருந்தால் எருமைப் பாலில் ஆறு, ஏழு இருக்கும், புரதமும் கூடுதல். ஆனால் பாதி வேலையைச் செய்தது சட்டி. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தயிரின் நீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்பக்கம் ஈரமாகி, காற்றில் காய்ந்துபோகும். அப்படிக் காயும்போது சட்டி குளிரும், குளிர்ந்தால் புளிப்பு ஏறுவது தாமதப்படும். “சட்டி தண்ணியக் குடிச்சிடும், தயிரு நமக்கு” என்பார் ஆயா. புதுச்சட்டியில் உடனே தயிர் உறைய விடமாட்டார். சில நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கி, மண்வாசம் அடங்கிய பிறகுதான் அதற்குத் தயிர்ச்சட்டி என்ற பதவி. மார்கழிக் குளிரில் பால் உறையாமல் அடம்பிடிக்கும். அப்போது உறைமோரோடு ஒரு பச்சை மிளகாய்க் காம்பையும் போட்டு, சட்டியைக் கோணியில் சுற்றி, அரிசிக் குதிரின் ஓரத்தில் வைப்பார். திருவாதிரைக்குக் களி கிண்டும் விடியலில் அந்தச் சட்டியைத் திறந்து பார்ப்பது எங்கள் வேலை.

எடை கூடிவிட்டது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது, சோற்றைப் பாதியாக்கிப் புரதத்தைக் கூட்டுங்கள் என்று பின்னாளில் மருத்துவர் என்னிடம் சொன்ன பிறகு, கடையில் சின்னச் சின்னக் கோப்பைகளில் விற்கும் கிரீக் யோகர்ட் எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதல் கரண்டியிலேயே எனக்கு அது பழக்கமான பண்டமாக இருந்தது. நீர் இறங்கிய தயிர், அவ்வளவுதான். கிரேக்கத்திலும் துருக்கியிலும் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். லெபனானில் உப்புப் போட்டு இன்னும் இறுக வடித்து லப்னே என்கிறார்கள். மராட்டியர்கள் அதே வடிதயிரில் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து ஸ்ரீகண்ட் பண்ணுகிறார்கள். எங்கள் ஊரில் துணியின் வேலையைச் சட்டி செய்தது. துணி அளவுக்கு அது நீரை இறக்காது என்பது உண்மை. ஆனாலும் இரண்டும் ஒரே திசையில் போகிறவை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உணவைக் குறைக்கிறவர்களுக்கு அது வேண்டும். வீட்டில் உறைந்த சாதாரணத் தயிர் 100 கிராமில் புரதம் சுமார் 3 கிராம். கொழுப்பு நீக்கிய பாலில் செய்த கிரீக் யோகர்ட் 100 கிராமில் சுமார் 10 கிராம். கலோரி இரண்டிலும் ஏறக்குறைய அறுபதுதான். ஒரு கிண்ணத்திலேயே வயிறு அடங்கிவிடுவதன் காரணம் அந்தப் புரதம். வீட்டிலேயே செய்யலாம்: ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு நூற்றுக்கு 3, ஆரஞ்சில் 6. நீலத்தைக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு உறை ஊற்ற வேண்டும். ஏனென்றால் வடிக்கும்போது புரதத்தோடு கொழுப்பும் சேர்ந்தே செறிவாகும். பழைய வேட்டித் துணியில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் இரவு முழுக்க வைத்தால், காலையில் மூன்றில் ஒரு பங்குதான் துணியில் நிற்கும். இறங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம். உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

இந்த வடிதயிரை வெறுமனே சாப்பிட முடியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். பழச்சுவை சேர்த்த கோப்பைகளைத் தேடிப் போகிறார்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் கூடவே வருகிறது. நாங்கள் வளர்ந்தது சர்க்கரை ஊருக்குப் பக்கத்தில். நெல்லிக்குப்பம் பாரி ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கரும்பு பிழிகிறது. அரவைக் காலத்தில் கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பேருந்துக்குள் வெல்லப்பாகின் வாடை நிறைந்துவிடும். கரும்பு வண்டிகளின் பின்னால் பையன்கள் ஓடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், தயிரில் சர்க்கரை போடுவது காய்ச்சல்காரக் குழந்தைக்கும், பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளைக்கும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் மரக்காணத்துக் கல்லுப்புதான். தயிர் உப்பையும் உறைப்பையும் தேடுகிற பண்டம் என்று அங்கே யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோவில் கிணற்றில் வேண்டுதலுக்குப் போடுவதிலும் உப்பும் மிளகும் உண்டு. அத்தை அங்கே போய்வந்த நாளில் மீதமிருந்த மிளகை நுணுக்கித் தயிரில் தூவித் தருவார். கடலூர் முதுநகரில் அத்தை வீட்டில் ஒரு சட்டம் உண்டு: மீன் ஆக்கிய நாளில் தயிர்ச் சட்டி திறக்காது. துறைமுகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் மீன் இல்லாத நாள் குறைவு. அதனால் எனக்குத் தயிர் ஏக்கம் வந்ததெல்லாம் கடலூரில்தான்.

மோர் மிளகாயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பங்குனி பிறந்ததும் ஆயா சந்தைக்குப் போவார். நீள மிளகாய் ஆகாது; குட்டையாக, தோல் தடித்ததாக வேண்டும். காம்பைக் கிள்ளாமல், ஒவ்வொன்றையும் கோணி ஊசியால் குத்தி, நன்றாகப் புளித்த தயிரில் உப்புப் போட்டு ஊறவிடுவார். மறுநாள் காலை மிளகாயை மட்டும் வடித்தெடுத்து மாடியில் ஓலைப்பாயில் பரப்புவோம். சாயங்காலம் அதே தயிருக்குள் திரும்பப் போடுவோம். மறுநாள் மறுபடி வெயில். தயிர் சட்டியில் குறைந்துகொண்டே வரும், மிளகாய் பச்சையை விட்டு வெளிறிக்கொண்டே வரும். ஒரு சாயங்காலம் திருப்பிப் போடச் சட்டியில் தயிரே இருக்காது. அத்தனையும் மிளகாய்க்குள் போயிருக்கும். அதற்குப் பிறகு வெறும் வெயில், கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை. அத்தை இதையே கடலூரில் போட்டால் இன்னும் பல நாள் பிடிக்கும். கடற்காற்றின் ஈரம் காயவிடாது. “சிதம்பரத்து வெயிலு எனக்குக் கொடுத்துவைக்கல” என்று அத்தை ஆயாவிடம் குறைபட்டுக்கொள்வார். பிறகு மிளகாய் மூட்டையை என்னிடம் கொடுத்து மீட்டர் கேஜ் ரயிலில் அனுப்பிவிடுவார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஊர்கள் போகும். கடலூருக்குப் போகிற நாளில் ஆயா கட்டித் தரும் தயிர்ச்சாதம் கிளம்பும்போது பால் சாதமாகத்தான் இருக்கும். குழைத்த சோற்றில் நிறையப் பால், ஒரே ஒரு கரண்டி தயிர். பத்து மணிக்கு மேல் எப்போது பிரித்தாலும் அது புளிப்பில்லாத தயிர்ச்சாதம். எலுமிச்சை அளவு நார்த்தங்காய் ஊறுகாய் ஓரத்தில் இருக்கும்.

இப்போது வடிதயிர்க் கிண்ணத்தின் மேல் ஒரு மோர் மிளகாயை நொறுக்கிப் போட்டுக்கொள்கிறேன். எண்ணெயில் பொரிப்பதில்லை, இரும்புச் சட்டியில் சில சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் கறுக வறுத்தால் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்த வேண்டும், அதில் உப்பு நிறைய. அவர்களுக்கு மாங்காய் இஞ்சியைத் துருவிப் போடுவது நல்லது. பச்சை மாங்காய் வாசமும் இஞ்சியின் காரமும் ஒன்றாக இருக்கும், உப்பே கேட்காது. கறிவேப்பிலைப் பொடி, சுட்டு நுணுக்கிய சீரகம், கடுகு பெருங்காயத் தாளிப்பு, வாரம் ஒருநாள் சுண்டை வத்தல் என்று மாற்றி மாற்றி வைத்தால் அலுப்பதில்லை.

கோடையில் வெள்ளரிப் பிஞ்சு. கெடிலம் ஆற்றில் தண்ணீர் வற்றியதும் மணலில் குழி பறித்துக் கொடி விட்டிருப்பார்கள். அந்தப் பிஞ்சைத் துருவாமல், விரல் நீளத்துக்கு நறுக்கித் தயிரில் தோய்த்துக் கடிப்போம். மணலில் விளைந்ததற்கு ஓர் இனிப்பு உண்டு. ஆறே மணலை இழந்துவிட்ட பிறகு அதை எங்கே தேடுவது?

பண்ருட்டிப் பக்கம் உறவினர் தோப்பிலிருந்து ஆனியில் பலாக்கொட்டை வரும். ஆயா அதைச் சாம்பலில் புதைத்துச் சுடுவார். தோல் உரித்து, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, உப்போடு தயிரில் பிசைந்து தருவார். மாவுச்சத்து உள்ள பண்டம்தான். கொஞ்சமாகச் சேர்த்தால் அன்று சோறே வேண்டியிருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது அந்தத் தோப்பு முழுக்கச் சாய்ந்தது. முந்திரி, பலா இரண்டும். நாங்கள் போய்ப் பார்த்தபோது மாமா வேரோடு கிடந்த ஒரு பலாமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தாத்தா வைத்த மரம் அது. முந்திரிக் கன்று வைத்தால் மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். விதையிலிருந்து வரும் பலாவுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காலம் வேண்டும். “முந்திரி வச்சா எனக்கு, பலா வச்சா பேரனுக்கு” என்றார் மாமா. இரண்டையும் வைத்தார். அவர் வைத்த பலாவின் கொட்டை இப்போது எங்களுக்கு வருகிறது, அவர் இல்லை.

சிதம்பரத்துக்கே உரிய கொத்சைத் தயிரோடு சேர்த்தது என் அத்தை மகள். நடராஜர் கோவில் பிரசாதம் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் என்பது ஊரறிந்தது. மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சோறு, அதற்குத் துணையாகப் புளியில் வெந்து குழைந்த கத்திரிக்காய். வறுத்து இடித்த கொத்தமல்லி விதையும் காய்ந்த மிளகாயும்தான் கொத்சின் உயிர். கத்திரிக்காய் பிஞ்சாக இருக்க வேண்டும், முற்றினால் விதை கசக்கும். வீதிகளில் உள்ள கடைகளில் இட்லிக்கும் பொங்கலுக்கும் அதைத் தருவார்கள். அத்தை மகளுக்கும் சர்க்கரை. சோறு இல்லாமல் கொத்சை எதோடு சாப்பிடுவது என்று யோசித்து, வடிதயிரைத் தட்டில் பரப்பி நடுவில் குழித்து, கத்திரிக்காயை எண்ணெயில் வதக்காமல் அடுப்பில் சுட்டு மசித்துப் பண்ணிய கொத்சை அதில் விட்டாள். தயிர் குளிர்ச்சி, கொத்சு சூடு. புளிப்பு இரண்டுக்கும் உண்டு, ஆனால் புளியின் புளிப்பு வேறு, தயிரின் புளிப்பு வேறு. ஒன்றை ஒன்று அடக்குகின்றன. மேலே சம்பா சாதத்துக்குப் போடும் அதே மிளகு சீரகப் பொடி ஒரு சிட்டிகை. எத்தனையோ சேர்த்துப் பார்த்துவிட்டேன், வடிதயிருக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

தயிர்க்காரம்மா வருவது எப்போது நின்றது என்று வீட்டில் யாருக்கும் சரியாக நினைவில்லை. பாக்கெட் பால் வந்தது, குளிர்பெட்டி வந்தது, அவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார், பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தார். தமிழ்நாட்டில் எருமைகளின் எண்ணிக்கை கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு குறைந்தே வருகிறது. வெள்ளாற்றங்கரையில் மாலை நேரத்தில் தண்ணீருக்குள் தலை மட்டும் தெரியக் கிடந்த கூட்டங்கள் இப்போது இல்லை. ஆயா வீட்டை இடித்துக் கட்டியபோது கரிக்கோட்டுச் சுவரும் போனது. தயிர்ச்சட்டியை மட்டும் அத்தை எடுத்துப் போனார்; அவருக்குப் பிறகு அது அத்தை மகளிடம் இருக்கிறது, கழுத்தில் ஒரு விரிசலோடு.

போன வாரம் அவளிடம் தொலைபேசியில் கேட்டேன், ஆயா மோர் மிளகாய்க்கு ஒரு படி மிளகாய்க்கு எவ்வளவு உப்புப் போடுவார் என்று. அவளுக்கும் தெரியவில்லை. அம்மா கைப்பிடியாகத்தான் அள்ளிப் போடும், அளந்து பார்த்ததே இல்லை என்றாள். பங்குனியில் கடலூரிலிருந்து வருகிறாளாம். அந்தச் சட்டியிலேயே எருமைத் தயிரை உறையவைத்து, குறைந்த உப்பில் கொஞ்சம், கூடுதல் உப்பில் கொஞ்சம் என்று இருவரும் போட்டுப் பார்க்கப்போகிறோம். எருமைப் பாலுக்குப் புவனகிரியில் ஒரு வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.