ஆறு அடி ஆழத்துக் கற்கள்

தக்கையைப் பார்த்து மீன் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்க் கரையில் அப்பா சொல்லிக்கொடுத்தது அது. மூங்கில் கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை ஆடும், நிற்கும், மறுபடி ஆடும், சட்டென்று முங்கும். "சுண்டு!" என்பார் அப்பா. கெண்டையோ கெளுத்தியோ துடித்துக்கொண்டு தலைக்கு மேல் பறந்து பின்னால் புல்லில் விழும். காத்திருப்பது, கண்ணை எடுக்காமல் பார்ப்பது, சுண்டுவது. மீன் பிடிப்பதென்றால் நாற்பது வருடங்களாக எனக்கு இவ்வளவுதான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மார்ச் முதல் வாரத்தில், ஒரே பகலில் இந்த மூன்றையும் விட வேண்டியிருந்தது.

தங்கை குடும்பம் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கிறது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் உருவான ஊர். அதன் முழு அளவு மாதிரி ஒன்று நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்படி நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தது படகுகளை. தங்கை வீட்டுத் தெருவிலேயே மூன்று வாசல்களில் நீளமான, தாழ்ந்த, மினுமினுக்கும் படகுகள் நின்றன. சனிக்கிழமை இருட்டோடு பிக்கப் வண்டிகள் அவற்றை இழுத்துக்கொண்டு போகும். எங்கே போகிறார்கள் என்று கேட்டேன்.

"கன்டர்ஸ்வில் ஏரிக்கு, மதினி. பாஸ் மீன் பிடிக்க" என்றார் தங்கையின் கணவர். என் முகத்தைப் பார்த்தவர், மறுநாளே எனக்கு அந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமச் சீட்டையும் ஒரு வழிகாட்டியின் படகில் ஒரு நாளையும் வாங்கிவிட்டார்.

431ஆம் எண் சாலை மோன்டே சானோ மலையில் ஏறி இறங்கித் தென்கிழக்கே போகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏரி என்கிறார்களே தவிர அது டென்னசி ஆறுதான்; மறிக்கப்பட்டு 75 மைல் நீளத்துக்கு அகன்று கிடக்கும் ஆறு. பரப்பு சுமார் 69,000 ஏக்கர். பொருளாதார மந்தம் நாட்டை நெரித்த காலத்தில், 1933இல், டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தொடங்கியது. அந்த ஆணையம் 1935 முதல் 1939 வரை இந்த அணையைக் கட்டியது. வயல்கள், வண்டித்தடங்கள், வேலிகள், வாய்க்கால்கள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. கப்பல் போக்குவரத்துக்காக நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ இரண்டு அடி வேறுபாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் குளங்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒருபோதும் தரை காட்டாத நீர்நிலை என்பது புதிது. அடியில் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே படகு ஓட்டுபவர்களுக்கு அது மனப்பாடம்.

வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டியவர். மிகக் குறைவாகப் பேசினார். பேசியபோதெல்லாம் என்னை "மேம்" என்றார். அந்தத் தெற்கத்தி மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. படகில் ஏறியதும் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரமீனை எடுத்துக் கொடுத்தார். கொழுத்த உடம்பு, செங்கல் சிவப்பு, வயிற்றிலும் வாலிலும் மூன்று முனைக் கொக்கிகள். மூக்குக்குக் கீழே ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தகடு, குட்டி நாக்கைப் போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எடையே இல்லை. பால்சா மரம்.

இதுதான் கிராங்க்பைட். ரீலின் கைப்பிடியைச் சுற்றுவதைத்தான் கிராங்க் என்கிறார்கள். சுற்றாவிட்டால் இந்த மீன் தண்ணீர்மேல் சும்மா மிதக்கும். சுற்றினால் தகட்டில் தண்ணீர் மோதும். மோதிய வேகத்தில் தலை கீழே போகும், உடம்பு இடமும் வலமும் உதறிக்கொள்ளும். தகடு நீளமானால் ஆழம் கூடும். நரம்பு மெலிந்தாலும் கூடும், தூரமாக எறிந்தாலும் கூடும். ஏனென்றால் எறிந்த இடத்திலிருந்து சாய்வாக இறங்கி, நடுவழியில்தான் முழு ஆழத்தை அது தொடுகிறது. படகை நெருங்கும்போது மறுபடி ஏறிவிடும். எனக்குக் கொடுத்தது ஆறு அடி வரை இறங்குவது.

இப்படி ஒன்றைச் செதுக்க வேண்டுமென்று மனிதருக்குத் தோன்றிய கதையை நான் வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். பின்லாந்தில் லவுரி ரபலா என்ற ஏழை மீனவர், சிறுமீன் கூட்டத்தில் ஒழுங்காக நீந்துகிறவற்றை விட்டுவிட்டு, தள்ளாடுகிற ஒன்றைத்தான் பெரிய மீன் தேடிப்பிடித்து விழுங்குகிறது என்று கவனித்தார். 1936இல் தக்கை மரத்தில் ஒரு மீன் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசினார். அது மெலிந்த உடம்பு. பருத்த உடம்பு கொண்டதை டென்னசி மாநிலத்தில் பிரெட் யங் என்பவர் 1960களின் இறுதியில் பால்சாவில் செதுக்கினார். வாட்டசாட்டமான தன் சகோதரர் ஓடிஸின் பெயரை ஒட்டி அதற்கு 'பிக் ஓ' என்று பெயர் வைத்தார். கையால் செதுக்கிய அவை கிடைக்காமல், போட்டிக்குப் போனவர்கள் ஒருநாள் வாடகைக்கு வாங்கிப் போனார்களாம். பிறகு காட்டன் கோர்டல் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து ஊரெல்லாம் பரப்பினார். தள்ளாடும் மீனைக் கண்ட அந்த ஒரு பார்வை எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

முதல் ஒரு மணி நேரம் எறியவே கற்றுக்கொண்டேன். கழியின் மேல் உட்காரும் அந்த வகை ரீலில், எறியும்போது உருளை தானாகச் சுழன்று நரம்பை விடுகிறது. பெருவிரலால் அதை மெல்ல அணைத்திருக்க வேண்டும். மரமீன் தண்ணீரைத் தொடும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். பிந்தினால் உருளை சுழன்றுகொண்டே இருக்கும், நரம்பு பஞ்சுப்பொதியாகச் சிக்கிக்கொள்ளும். மூன்று முறை சிக்கியது. மூன்று முறையும் பெரியவர் ரீலை வாங்கி, இழை இழையாக எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பூக்கட்டுகிறவரின் பொறுமை அது.

சூரியன் ஏறியதும் ஒரு பாலத்துக்குப் படகை விட்டார். ஏரியின் கிளைகளைக் கடக்கச் சாலைக்காக மண்ணணை போட்டிருக்கிறார்கள். அலை அரிக்காமலிருக்க இருபுறமும் கருங்கல் கொட்டியிருக்கிறது. மார்ச்சில் மீன்கள் ஆற்றின் ஆழத்தை விட்டு, முட்டையிட ஓடைகளின் ஆழமற்ற மூலைகளுக்குப் போகும் காலம். போகிற வழியில் இந்தப் பாலத்தின் வாயைக் கடந்தாக வேண்டும். வெயில் பட்ட கல் தண்ணீரைவிட முந்திச் சூடாகும். அதன் இடுக்குகளிலிருந்து சிவந்த நன்னீர் இறால்கள் வெளியே வரத் தொடங்கும். அதனால்தான் செங்கல் நிறம். தண்ணீரின் வெப்பம் அன்று 11 டிகிரி செல்சியஸ்.

2014 பிப்ரவரியில் இதே ஏரியில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் நடந்தது. பாஸ் பிடிப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய போட்டி இல்லை. கடைசி நாள் காலையில் 11ஆம் இடத்தில் இருந்த ராண்டி ஹோவல் இப்படியொரு பாலத்துக் கற்களில் கிராங்க்பைட்டை உரசியே ஐந்து மீன்களில் 29 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது 13 கிலோவுக்கு மேல் பிடித்துக் கோப்பையை வென்றார். 1976இல் இங்கே வென்றவர் ரிக் கிளன். அவர் அந்தப் பட்டத்தை மொத்தம் நான்கு முறை எடுத்தவர், கிராங்க்பைட்டில் பலருக்கு ஆசான். பெரியவர் இந்த இரண்டு பெயர்களையும் சொன்னபோது, எங்களூரில் பழைய நாதஸ்வரக்காரர்களின் பெயரைச் சொல்கிறவர்கள் ஞாபகம் வந்தது.

"கரையை நோக்கி எறியாதீங்க, மேம். கரையோட ஒட்டி எறியுங்க. கல்லு மேலேயே அது நடந்து வரணும்."

எறிந்து சுற்றினேன். கழி முனை படபடவென்று அதிர்ந்தது. மரமீன் உதறும் உதறல் நரம்பு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. திடீரென்று டக் என்று ஒரு தட்டல். மீன் என்று நினைத்தேன். இல்லை, கல். மறுபடி டக், டக். பிறகு ஒரு வழுக்கல். அது பாசி பிடித்த கல். பிறகு எதுவுமில்லை, பள்ளம். என் கண் தானாகவே தண்ணீர்மேல் தக்கையைத் தேடியது. அங்கே தக்கை இல்லை, கலங்கிய பச்சைத் தண்ணீர்தான் இருந்தது.

"எங்க பாக்குறீங்க?" என்றார். "அங்க ஒண்ணும் இல்ல. கையில இருக்கு."

பிறகு அவர் சொன்னதுதான் அன்றைய பாடத்தின் மையம். கல்லில் மோதுவதைத் தவிர்க்கக் கூடாது, தேடிப்போய் மோத வேண்டும். ஒரே சீராக வரும் மரமீனைப் பாஸ் பார்த்துக்கொண்டே பின்தொடரும், வாய் திறக்காது. கல்லில் இடித்து, திசை தவறி, ஒரு நொடி தடுமாறுகிறதே, அப்போதுதான் பாயும். இடித்ததும் சுற்றுவதை அரை நொடி நிறுத்த வேண்டும். பால்சா மேலே மிதக்க முயலும். அந்த அரை நொடியில்தான் பெரும்பாலும் எல்லாம் நடக்கிறது.

இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், கழி வளைந்ததே தவிர வரவில்லை. பெரியவர் என் மணிக்கட்டின் அருகே கையை நீட்டி, தொடாமல், கீழே இறக்கச் சொன்னார். "இழுத்தா இன்னும் உள்ள போகும். நரம்பைத் தளர விடுங்க." தளர்த்தினேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பத்துப் பதினைந்து அடி தள்ளி, செங்கல் நிறத்தில் அது தானாகத் தண்ணீர்மேல் வந்து மிதந்தது. முன்னால் போய் மாட்டியது, மிதக்கிற குணத்தால் வந்த வழியே பின்வாங்கிவிட்டது. மரத்தில் செய்ததன் பெரிய லாபம் இது என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

முதல் மீன் பத்தரை மணிக்கு வந்தது. கல், கல், நிறுத்தம். மறுபடி சுற்றத் தொடங்கும்போது அதிர்வு அப்படியே அணைந்துபோனது. தட்டலும் இல்லை, இழுப்பும் இல்லை. ஈர மூட்டை மாதிரி ஒரு பாரம் மட்டும். அப்பாவின் குரல் உடம்புக்குள் "சுண்டு!" என்றது. சுண்டினேன். ஒரு பெரிய வாய் தண்ணீருக்கு மேல் திறந்து தலையை உதறியது. மரமீன் பறந்து வந்து படகின் பக்கவாட்டில் மோதியது. மீன் போய்விட்டது.

பெரியவர் குறை சொல்லவில்லை. இந்தக் கழியை வேண்டுமென்றே கண்ணாடி நாரில், தளதளவென்று வளையும்படி செய்திருக்கிறார்கள் என்று காட்டினார். கொக்கிகள் மெல்லியவை, கூரானவை. மீன் கவ்வியதும் சுற்றிக்கொண்டே உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும். கழி வளைந்து கொடுக்க, கொக்கி தானாக இறங்கும். சுண்டினால் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். ஐம்பது வயதில் மணிக்கட்டுக்குள் இருக்கும் அப்பாவை அமர்த்துவது எளிதல்ல. அடுத்த ஒரு மணி நேரம் ஒவ்வொரு எறிதலிலும் அதைத்தான் பழகினேன்.

நடுவில் மரமீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடத் தொடங்கியது. கல்லில் இடித்ததில் நரம்பு கட்டும் வளையம் ஒரு மயிரிழை கோணியிருந்தது. இடப்பக்கம் ஓடினால் வளையத்தை வலப்பக்கம் இடுக்கியால் துளி வளைக்க வேண்டும். படகோரத்தில் இழுத்துப் பார்த்து, வளைத்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல அதற்குக் காதைக் கொடுத்தமாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மதியம் பாலத்தின் மறுபுறம், கற்கள் முடிந்து பாசி தொடங்கும் இடம். கொக்கியில் ஒரு கொத்து வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எங்களூர்க் கால்வாயில் காலைச் சுற்றிக்கொள்ளும் அதே வேலம்பாசி. ஹைட்ரில்லா என்கிறார்கள். 1950களில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு வந்து, தென்மாநில நீர்நிலைகளில் தப்பிப் பரவிய வகை இது. படகுத்துறையையும் வாய்க்காலையும் அடைக்கிறதென்று அரசுகள் அதை அழிக்கப் பணம் செலவழிக்கின்றன. இந்த ஏரியில் பாஸ் கொழித்ததற்கு அந்தப் பாசியின் நிழலும் காரணம் என்கிறார்கள் மீன் பிடிப்பவர்கள். இரண்டும் உண்மைதான். கையில் அந்த ஈரக்கொத்தைச் சற்று நேரம் வைத்திருந்தேன்.

இரண்டாவது மீனைச் சுண்டவில்லை. அதிர்வு அணைந்தது, சாய்ந்தேன், கழி அடிவரை வளைந்தது. அது கீழே இழுத்தது, படகுக்கடியில் போனது, ஒரு முறை துள்ளியது. பெரியவர் வலை எடுக்காமல், குனிந்து அதன் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கி என்னிடம் நீட்டினார். நானும் அப்படியே பிடித்தேன். பற்கள் உப்புத்தாள்போல விரலில் உரசின. ஆலிவ் பச்சை முதுகு, விலாவில் கறுத்த பட்டை, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் தாடை. நான்கு பவுண்டு, முட்டை நிறைந்த வயிறு. இந்த ஏரியில் 15 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. இது அதைத் தாண்டியதுதான். அவர் என்னைப் பார்த்தார். முட்டையோடு இருக்கிறது என்றேன். தண்ணீரில் இறக்கிப் பிடித்திருந்தேன். செவுள் இரண்டு முறை விரிந்தது, வாலை ஒரு வீச்சு வீசி என் முழங்கை வரை நனைத்துவிட்டுப் போனது.

நாலு மணிக்கு மேல் காற்று ஏறியது. கிளம்பும் முன் இன்னும் ஒருமுறை எறியச் சொன்னார். எறிந்து, தண்ணீரைப் பார்க்காமல் எதிர்க்கரை மலையைப் பார்த்துக்கொண்டு சுற்றினேன்.

"கீழ என்ன இருக்கு? சொல்லுங்க."

"கல்லு... கல்லு... சின்னக் கல்லு. மண்ணு. இப்ப வழுக்குது. இது கல்லு இல்ல, மெத்துனு இடிக்குது. மரம் மாதிரி."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "பழைய வேலிக்கால்" என்றார். "ரெண்டு இருக்கு. இன்னொண்ணு கொஞ்சம் வலப்பக்கம்."

நான் சற்று வலப்பக்கமாக எறிந்தேன்.