அளவுகோலை வைத்தது நான்தான்

தோட்டத்துக் கிராணியாக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. சட்டம் அதைக் குற்றம் என்று சொல்லாது. தணிக்கைக்காரர் வந்து பார்த்திருந்தாலும் கணக்கில் பிழை கண்டிருக்க மாட்டார். ஆனால் தெரிந்தே செய்தேன்.

எண்பதுகளின் கடைசி. நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டம், பெயர் வேண்டாம். பாதிக் காட்டை அழித்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பால்மரம் வெட்டும் ஆட்கள் குறைந்துபோய், இளவட்டங்கள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குள் இருந்த தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் போதவில்லை என்று, அதைப் பெரிய சாலையோரம் இருந்த வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் அன்று சாதாரணம். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம்.

பிள்ளைகளைக் கொண்டுபோய் விடத் தோட்டத்து லாரி ஒன்று ஓடியது. செலவைக் குறைக்க அதை நிறுத்தலாமா என்று மேலிடத்தில் யோசனை வந்தது. தொழிலாளர் லயத்திலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று எழுதித் தரச் சொன்னார் மானேஜர். சொல்லும்போதே, “அதிகம் இருக்காதே” என்று ஒரு வார்த்தையையும் போட்டு வைத்தார். எனக்கு அது போதும்.

அலுவலகச் சுவரில் தோட்டத்துப் படம் தொங்கும். துணியில் ஒட்டி, ஓரமெல்லாம் பழுப்பேறிய பழைய படம். அங்குலத்துக்கு எட்டுச் சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல். நாடு மெட்ரிக்குக்கு மாறியும் அந்தப் படம் மாறவில்லை. பதினெட்டு அங்குல மர அளவுகோலை எடுத்து, லயத்தின் மேல் ஒரு முனையையும் பள்ளிக்கூடத்தின் பக்கம் மறுமுனையையும் வைத்தேன். 15 அங்குலம். ஆக 120 சங்கிலி, ஒன்றரை மைல். 2.4 கிலோமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அளவுகோலுக்கு அடியில் என்ன கிடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சதுப்பு, ஓர் ஓடை, ரயில் தண்டவாளம். பிள்ளைகள் போக வேண்டிய பாதை லயத்திலிருந்து செம்மண் சாலையில் ஸ்டோருக்கு வந்து, செம்பனைக்குள் வளைந்து, பலகைப் பாலம் வரைக்கும் தெற்கே இறங்கி, மறுபடி வடக்கே ஏறித்தான் பெரிய சாலையைத் தொடும். என் மோட்டார் சைக்கிள் மீட்டரில் அது ஆறு கிலோமீட்டருக்கு மேல். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போவேன்.

தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. சிரம்பானில் ஐந்தாம் படிவம் வரை இயற்பியல் படித்தவன் நான். தூரம் என்றால் கடந்துவந்த பாதையின் முழு நீளம். இடப்பெயர்ச்சி என்றால் கிளம்பிய புள்ளியிலிருந்து சேர்ந்த புள்ளிக்கு இழுத்த நேர்கோடு. அதற்குத் திசையும் உண்டு. இடப்பெயர்ச்சியின் அளவு தூரத்தை மிஞ்சவே மிஞ்சாது. திசை மாறாமல் நேராகப் போனால் மட்டும் இரண்டும் சமம். வாத்தியார் ஓடுகளத்தை உதாரணம் காட்டினார்: 400 மீட்டர் களத்தில் ஒரு சுற்று முடித்துக் கிளம்பிய கோட்டிலேயே வந்து நின்றால் தூரம் 400, இடப்பெயர்ச்சி சுழியம். வகுப்பில் பலர் குழம்பினார்கள். எனக்கு உடனே பிடிபட்டது, என் அம்மா பால்மரம் வெட்டுகிறவர்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு உளியோடு நிரைக்குள் நுழைந்தால், ஆளுக்கு ஐந்நூறு மரம் என்று வையுங்கள். மரத்துக்கு மரம் மூன்று மீட்டர் என்றாலே ஒன்றரைக் கிலோமீட்டர். பால் வடியும்வரை காத்திருந்து, அதே மரங்களுக்கு மறுபடி போய் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்ற வேண்டும், இன்னொரு ஒன்றரை. நிரைக்குப் போய்வரும் நடை தனி. கடைசியில் காண்டாக் கம்பில் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு வருவார். எங்கள் தோட்டத்தில் ஸ்டோரும் பெரட்டுக் களமும் பக்கத்துப் பக்கம். நாளெல்லாம் நடந்தும் இடப்பெயர்ச்சி ஏறக்குறைய சுழியம். நல்லவேளை, கூலியைப் பாலின் எடைக்குப் போட்டார்கள். பள்ளியில் அந்த இயற்பியல் அத்தியாயத்தில் எனக்கு முழு மதிப்பெண்.

நேர்கோட்டு அளவே தப்பு என்று சொல்லவில்லை. வானொலிக் கோபுரம் நட இடம் பார்க்கிறவருக்கு அதுதான் வேண்டும். நடக்கிறவருக்குப் பாதையின் நீளம் வேண்டும். பாரோய் தாண்டிக் கோலா பிலா போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புக்கிட் புத்துசில் பழைய சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும், பிள்ளைகள் வாந்தியெடுப்பார்கள். 2009-இல் உயர்பாலங்களோடு புதிய சாலை திறந்தார்கள். பாரோயும் நகரவில்லை, கோலா பிலாவும் நகரவில்லை. இடப்பெயர்ச்சி அதேதான், தூரம்தான் குறைந்தது. அவ்வளவு பணம் கொட்டியது அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான்.

நான் செய்தது இதுதான்: தூரம் என்று கேட்ட கட்டத்தில் இடப்பெயர்ச்சியை எழுதினேன். திசையை விட்டுவிட்டேன், வடமேற்கு என்று பக்கத்தில் எழுதியிருந்தால் யாராவது ஏனென்று கேட்டிருப்பார்கள். பொய்யான எண்ணை எழுதியிருந்தால் என்றாவது மாட்டியிருப்பேன். சரியான எண்ணைத் தவறான கட்டத்தில் போட்டவனை எவர் பிடிப்பது? பொய் எழுதவில்லையே என்று பல வருடம் என்னை நானே தட்டிக்கொடுத்திருக்கிறேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

லாரி நின்றது. மூன்று நான்கு பெண்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவர் நேராகவே கேட்டார்: “கிராணி ஐயா, ஒன்றரை மைலுன்னு எழுதியிருக்கீங்களாமே, எந்த வழியா?”

“படத்துல அப்படித்தாம்மா இருக்கு” என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

பெரிய பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைத்தது. சின்னப் பிள்ளைகள் சதுப்போரமாகக் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு தண்டவாளத்தில் ஏறுவதை மோட்டாரில் போகும்போது பார்த்திருக்கிறேன். நிறுத்தவில்லை. மழைக்காலத்தில் பாதிப் பேர் வருவதில்லை என்று தலைமையாசிரியர் குறைப்பட்டார். சில குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவே டவுனுக்குக் குடிபோயின. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள என்று இரண்டொரு பெண்பிள்ளைகள் வீட்டோடு நின்றார்கள். ஆண்டுக் கடைசியில் எனக்குச் சம்பளம் கூடியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு நம்பிக்கையில்லை. மானேஜரையும் பழி சொல்ல மாட்டேன். அவர் கேட்டது தூரத்தை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை, லயமும் இல்லை. பள்ளி வேன் கணக்கும் உதவித்தொகைக் கணக்கும் இன்னும் இருக்கின்றன. பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் யாரோ ஒருவர் அந்தத் தாளில் எண்ணை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அது நீங்களாக இருந்தால், பிள்ளைகள் போகும் பாதையில் மீட்டர் வைத்து அளந்துவிட்டு எழுதுங்கள். எந்த வழியாக என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.