விலாவில் வைத்த கை

“கையைக் குழிச்சு வெச்சுப் பாருங்க” என்று என் கட்டைவிரலைப் பிடித்து மற்ற விரல்களோடு ஒட்டினார் அந்தப் பெண். என் தொடையில் நானே தட்டிக்கொண்டேன். பளார் என்று அறை விழுந்த சத்தம்தான் வந்தது. அவர் தட்டியபோது வெற்றுக் குடத்தைத் தட்டினாற்போல ‘டொப் டொப்’. உள்ளங்கைக்குள் காற்று சிக்க வேண்டுமாம், சிக்கினால் வலிக்காது. படிக்கிற காலத்தில் தலையணையைத் தட்டித்தான் பழகினாராம்.

காங்கேயம் பக்கத்தில் ஒரு சிற்றூர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து, இயன்முறை சிகிச்சைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. இவரை ‘பிசியோ அம்மிணி’ என்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அவருடைய ஸ்கூட்டிக்குப் பின்னால் சுற்றினேன்.

முதல் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாயி. பீடியைத் தொட்டவர் இல்லை. ஊதாங்குழலும் விறகடுப்புமாக ஐம்பது வருஷம். நுரையீரலுக்கு அந்தப் புகையே போதுமானதாக இருந்திருக்கிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

“சாப்பிட்டுட்டீங்களா, அம்மாயி?”

“இல்ல கண்ணு, நீ வருவீன்னு டீத்தண்ணி மட்டுந்தான்.”

வயிறு நிறைந்திருக்கும்போது இந்த வேலை ஆகாது. இனித் தட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். தட்டவே இல்லை. கூன் விழுந்த முதுகு, மெலிந்த எலும்பு. தட்டினால் விலா விரிசல் விட்டுவிடும் என்றார். இரண்டு கைகளையும் அடிவிலாவில் பதித்து, மூச்சு வெளியே போகும்போது மட்டும் கூடவே மெல்ல அழுத்தினார். மூச்சு உள்ளே வரத் தொடங்கியதும் பிடியைத் தளர்த்தினார். நாலைந்து மூச்சுக்குள், அதுவரை அம்மாயியின் கழுத்தில் கயிறு மாதிரி புடைத்து நின்ற தசைகள் அடங்கிவிட்டன. வயதானால் விலாவை நெஞ்செலும்போடு சேர்க்கும் குருத்தெலும்பு இறுகிப்போகும். கூடு விரியாத குறையைக் கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டும். அந்தப் பாரத்தைத்தான் அவருடைய கை கொஞ்சம் இறக்கி வைத்தது.

பிறகு ஒரு விளக்கை ஏற்றி எதிரே வைத்தார். “உதட்டைக் குவிச்சு ஊதுங்க. சுடர் சாயணும், அணையக் கூடாது.” ஊதாங்குழல் பழக்கத்தில் அம்மாயி ஒரே ஊதில் அணைத்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது தடவை சுடர் நின்றது. வந்தபோது நிமிஷத்துக்கு 28 இருந்த மூச்சு 22 ஆனது.

“உங்க கை விசேஷம்தான்” என்றேன். அவர் அதை ஏற்கவில்லை. அவர் மறுத்தது சரிதான். 2008இல் அமெரிக்காவில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகளுக்குக் கையால் சிகிச்சை செய்து உடனே அளந்து பார்த்தார்கள். மூச்சு லேசானதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். கருவியோ, நுரையீரலில் வெளியேறாமல் தங்கிய காற்று கூடியிருப்பதாகக் காட்டியது. அது ஒரே ஒரு தடவை சிகிச்சை தந்து பார்த்த சின்ன ஆய்வு. அதை வைத்துக் கை வைத்தியத்தையே ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கை பட்ட சுகத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பார்த்த வரையில் அந்தக் கை செய்வது வாத்தியார் வேலை. எந்த இடம் விரிய வேண்டும் என்று உடம்புக்குத் தொட்டுக் காட்டுகிறது. மிச்சமெல்லாம் அம்மாயி தினமும் ஊதுவதிலும் வாசலில் நடப்பதிலும்தான் இருக்கிறது.

மதியம் பார்த்த பெரியவர் பஞ்சு மில்லில் வேலை செய்தவர். அவருக்கு நெஞ்சு நிறையச் சளி. ஒருக்களித்துப் படுக்கவைத்து, துண்டைப் போட்டு, குழித்த கையால் தட்டினார். “கண்ணாடியத் தொடைக்கறதுக்கு முன்னால ஊதுவீங்கல்லங்கய்யா, அது மாதிரி ‘ஹா’ சொல்லுங்க.” மூன்றாவது ‘ஹா’வில் கெட்டியாக மஞ்சள் சளி கிண்ணத்தில் விழுந்தது. முகம் தெளிந்துவிட்டது அவருக்கு.

வீடியோவைப் பார்த்து வீட்டுப் பெரியவர்களின் முதுகைத் தட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சளியில் ரத்தம் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, எலும்பு மெலிந்திருந்தாலோ கை வைக்காதீர்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.