இடிபாட்டினின்று மீண்டவர்

1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரின்மீது செருமானிய வானூர்திகள் குண்டுமாரி பொழியத் தொடங்கின. இரவுதோறும் வீடுகள் சரிந்து வீழ்ந்தன. சுவருக்கும் உத்தரத்துக்கும் அடியிற் கைகால் நசுங்கப் பல மணி நேரம் கிடந்தோரை மீட்புப் படையினர் அரிதின் முயன்று வெளிக்கொணர்ந்தனர். அவருட் சிலரிடம் வீங்கிய காலன்றி வேறு பெருங்குறை முதலிற் காணப்படவில்லை. ஆயின், பின்னர் அவர்தம் சிறுநீர் கருநிறம் எய்திற்று, அளவும் சுருங்கிற்று. ஏறத்தாழ ஒரு வாரத்துள் அவர்கள் உயிர் துறந்தனர்.

இத்தகைய நால்வரின் நிலையைப் பைவாட்டர்ஸ், பீல் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1941இல் வெளியிட்டனர். நசுங்கியது கால், செயலிழந்ததோ சிறுநீரகம்! இஃது எங்ஙனம் நேர்ந்தது?

கைப்பிடி அளவினவாகிய இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே கழிவாக வெளியேறும். எஞ்சியது குருதிக்கே மீளும். நசுங்கிய தசை சிதையும்போது, அதிலுள்ள செந்நிறப் புரதம் குருதியிற் கலந்து, இவ்வடிகட்டியின் நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கிறது. உடலில் நீர் குறைந்திருப்பின் கேடு விரையும். ஆதலின், இக்காலத்து மீட்புப் பணியில், பாரத்தை அகற்றுமுன்னரே குருதி நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்ற முயல்கின்றனர்.

சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கப் போர்தான் வேண்டுமென்பதில்லை. கடும் வயிற்றுப்போக்கும், உச்சிவெயிலில் நீரருந்தாது உழைத்தலும், கண்ணாடிவிரியன் கடியும் அந்நிலையில் கொண்டுபோய் விடலாம். உடல் வறண்டிருக்கும் வேளையில் மருத்துவரைக் கேளாது விழுங்கும் வலிமாத்திரைகளுட் சில, சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியை மேலும் குறைக்கும். கடையில் எளிதிற் கிடைப்பதனாலேயே அவற்றைத் தீங்கற்றவை எனக் கருதுவோர் பலர். வயிற்றுப்போக்குக் கண்டவுடன், உப்பும் சர்க்கரையும் அளவறிந்து சேர்த்த பொட்டலத்தைத் தூய நீரிற் கரைத்து அடிக்கடி பருகக் கொடுத்தல் செலவு மிகாத காப்பாகும்.

இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. அதுவே அதன் வஞ்சம். முகமும் காலும் வீங்குதல், மூச்சுத் திணறல், அறிவு மயங்குதல் ஆகியன தோன்றும்வரை காத்திருத்தல் தகாது. நோயுற்றவருக்குச் சில மணி நேரமாகச் சிறுநீர் மிகக் குறைந்தாலோ, கருத்து வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அங்கே குருதியிலுள்ள கிரியாட்டினின் என்னும் கழிவின் அளவு உண்மையை உரைத்துவிடும். சிறுநீரைப்பற்றிப் பேச மக்கள் நாணுவர். நோயாளியின் அருகிலிருப்போர்க்கு அந்நாணம் ஆகாது.

காலங்கடந்து வந்தோரைக் காக்கவும் ஒரு வழி பிறந்தது. அதே போர்க்காலத்தில், ஹாலந்து நாட்டுக் காம்பன் நகரில் கோல்ஃப் என்னும் மருத்துவர், கொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் உறையைச் சுழலும் உருளையிற் சுற்றிக் குருதியைத் தூய்மை செய்யும் பொறி ஒன்றை அமைத்தார். முதலில் அதனால் மருத்துவம் பெற்ற பலர் பிழைக்கவில்லை. அவர் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1945இல், நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவரின் குருதி அப்பொறியின் வழியே பல மணி நேரம் ஓடிற்று. அவர் கண் விழித்தார். பின்னர் அவருடைய சிறுநீரகங்களும் தம் தொழிலை மீண்டும் தொடங்கின.