பத்தொன்பதாம் குழி

தோட்டத்துக்குப் பக்கத்தில் கோல்ப் திடலைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தின் தாய்வீடு எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிற்றூர். வாருங்கள், மனத்தாலே அங்கே ஒரு நடை போய் வருவோம்.

கடற்காற்று வீசும் புல்வெளி, 18 குழிகள். 'பழைய திடல்' எனப்படும் இது எந்தத் துரையின் சொத்தும் அன்று, ஊருக்குப் பொது. ஞாயிற்றுக்கிழமையில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர்மக்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் உலாவுகிறார்கள்.

ஆட்டம் முடித்தவர்கள் "பத்தொன்பதாம் குழிக்குப் போகிறோம்" என்பார்கள். அதைப் புல்வெளியில் தேடாதீர்கள். மதுக்கூடத்துக்குத்தான் அந்தச் செல்லப்பெயர்!

அங்கே இஷ்டம்போல் மது விற்க முடியுமா? முடியாது. 2005இல் இயற்றப்பட்டு, 2009 செப்டம்பரில் முழுமையாக நடப்புக்கு வந்த சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு விற்பது குற்றம். உறுப்பினர்களே நடத்தும் கிளப்புகளுக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் அங்கே விருந்தாளி குடிக்க வேண்டுமானால், உறுப்பினர் ஒருவர் உடன் வந்து பதிவேட்டில் அவர் பெயரை எழுத வேண்டும்.

மதுக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் இன்னொரு சட்டம் காத்திருக்கிறது. வண்டி ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை மதுச்சத்து இருக்கலாம் என்றிருந்த அளவை, 2014 டிசம்பர் 5 முதல் 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். மதுக்கூட வருமானம் விழுந்துவிட்டதென்று கோல்ப் கிளப்புகள் சில முறையிட்டன. அரசாங்கம் அசையவில்லை. வருமானத்தைவிட உயிர் பெரிதல்லவா?

"சீமைக் கதை நமக்கெதற்கு?" என்கிறீர்களா? மலேசியாவிலும் 2020 அக்டோபர் முதல் அதே 50தான்! கோல்ப் கிளப்பிலிருந்து காரில் திரும்பும் முதலாளிக்கும், கள்ளுக்கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் தொழிலாளிக்கும் ஒரே அளவு. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம். ஈராண்டு வரை சிறை. ஓட்டும் லைசென்சும் பறிபோகும்.

அளவு ஒன்றுதான், வலி ஒன்றா? 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை வாங்குபவருக்கு அந்த அபராதம் ஏறக்குறைய ஆறு மாத உழைப்பு. முதலாளி கட்டிவிட்டுப் போவார். நம் வீட்டில் அடுப்பு அணையும், பிள்ளையின் படிப்பு நிற்கும்.

ஆகவே தாய்மார்களே, சம்பள நாளன்று குடித்தவர் வண்டிச் சாவியைத் தேடினால், எடுத்து ஒளித்து வையுங்கள். கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. காலையில் ஆள் உயிரோடு இருப்பாரே!