லயத்துக்கு ஏது உறுதி?

நம்ம இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி லண்டனில் நிதியியல் முதுமாணி படிக்க விண்ணப்பிக்கிறாள். முதலீட்டு வங்கி வேலைதான் கனவு. பெறுபேறும் இருக்கு, இங்கிலீஷும் இருக்கு.

இடிப்பது காசுதான். 2025 ஜனவரியில் வந்த விசா விதியிலேயே, லண்டனில் இருக்க மாதம் 1,483 பவுண் வீதம் ஒன்பது மாதக் காசு 28 நாள் தொடர்ந்து வங்கியில் கிடக்கணும்னு இருந்தது. நம்ம கணக்கில் ஐம்பது லட்சத்துக்கு மேல். படிப்புக் கட்டணம் வேற. கொழுந்து பறிக்கிற அம்மாவின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆச்சு. கடனுக்குப் போனால் காணி உறுதி கேட்பாங்க. இருக்கிறது தாத்தா காலத்து லயக் காம்பராதான், ஆனா காணி அரசாங்கத்தது, குத்தகை கம்பனியோடது. எதை அடமானம் வைக்கிறது?

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்கும். இரண்டு வருஷ வேலை அனுபவம் வேணும். படிச்சதும் திரும்பி இரண்டு வருஷம் நாட்டில் இருக்கணும். லண்டன் வங்கிக் கனவுக்கு அது இடைஞ்சல்தான். இருந்தாலும் ஐம்பது லட்சக் கடனைவிட மேல் என்பேன்.

தம்பி தங்கச்சிமாரே, ஏஜென்சிக்காரனிடம் நகையை அடகு வச்ச காசைக் கொடுக்குமுன்னே செவனிங்குக்குப் போட்டுப் பாருங்க. அந்த விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.